கருவி யாருடையது?

"மலையகத்து இளைஞன் இனிக் கொழுந்துக் கூடையை நம்பி வாழ வேண்டியதில்லை. மென்பொருள் எழுத மூளையும் ஒரு மடிக்கணினியும் போதும்" என்று மேடைதோறும் முழங்கக் கேட்கிறோம். மூளையைப் பற்றி நமக்கு ஐயமில்லை. இறம்பொடைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கும் கொழும்புக் கறுவாத்தோட்டத்துப் பிள்ளைக்கும் இயற்கை அதில் ஓரவஞ்சனை செய்யவில்லை. ஆனால் 'ஒரு மடிக்கணினியும்' என்று போகிற போக்கில் சொல்லி முடிக்கிறார்களே, அந்த 'உம்'முக்குள் அல்லவா ஒரு சமுதாயத்தின் வறுமை முழுவதும் ஒளிந்து கிடக்கிறது!

கணக்கைப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து அதனை 1,750 ரூபாவாக்குவதாக 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. செய்நிரல் எழுதுவதற்குத் தக்க மடிக்கணினியின் விலை இரண்டு இலட்சம் ரூபா என்று கொள்வோம். அறிவித்த கூலி ஒரு சதமும் குறையாமல் கைக்கு வந்தாலும், ஒரு தாய் 115 நாள் கொழுந்தெடுத்து, அந்நாள்களில் அரிசியும் மாவும் வாங்காதிருந்தால் அதனை வாங்கலாம். நிறை குறைந்தால் போடும் அரைப்பேரை நாம் இந்தக் கணக்கில் சேர்க்கவேயில்லை.

கருவி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு மின்சாரம் வேண்டுமே! இறம்பொடையில் 109 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் அருவியின் நீர் கொத்மலை நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. 1985 இல் இயங்கத் தொடங்கிய கொத்மலை மின்நிலையம் 201 மெகாவாற்று ஆற்றலுடையது. மலைநீர் இவ்வாறு தலைநகரத்து அலுவலகங்களின் கணினிகளை இயக்குகிறது. அந்த நீர் பிறக்கும் சரிவிலோ, ஒரே அறைக்குள் சமையலும் படுக்கையும் படிப்பும் நடக்கும் லயத்தில், விளக்குக்கும் கணினிக்கும் செருகுவாய் ஒன்றே. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டபோது, மின்பிறப்பாக்கி வைத்திருந்தவன் வேலை செய்தான். மற்றவன் இருட்டில் இருந்தான்.

ஆகவே நம் பிள்ளைகளின் கைக்குப் பெரும்பாலும் வருவது பிறர் பாவித்துக் கழித்த இயந்திரமே. அதையாவது நிம்மதியாகப் பாவிக்க விடுகிறார்களா? விண்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளுடன் நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்களை மேலும் ஓராண்டு பெறலாமாம். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11 புதிய செயலியையும் பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது. விசைப்பலகை இயங்குகிறது, நினைவகம் இயங்குகிறது, வன்றட்டு சுழல்கிறது. ஆயினும் அந்த இயந்திரம் காலாவதியானதென்று தீர்ப்பாகிவிட்டது. உழும் தெம்புள்ள மாட்டைக் கசாப்புக்கு அனுப்பும் நியாயம் இது!

இன்னொன்று, வாடகை மென்பொருள். முன்னர் ஒருமுறை பணம் கொடுத்து வாங்கிய பல மென்பொருள்களுக்கு இன்று மாதந்தோறும் கப்பம் கட்ட வேண்டும். கப்பம் நின்றால், தான் வரைந்ததைத் தானே திருத்த முடியாத நிலையும் உண்டு. நம் பாட்டன்மாருக்கு இது புதிதன்று. கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்த்தாலன்றி அவர்கள் வேறு தோட்டம் போக முடியாதிருந்தது. அக்கடனைக் குறித்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். 1921 இல் சட்டம் துண்டை ஒழித்தது. பேரப்பிள்ளைகள் அதே துண்டைத் திரையில் வாசித்து 'சம்மதம்' என்று அழுத்துகிறார்கள். வாசித்து என்றா சொன்னேன்? எவரும் வாசிப்பதில்லை.

இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது. 1983 இல் றிச்சட் ஸ்டோல்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸும் எவருக்கும் கப்பம் கேட்பதில்லை. மைக்ரோசொப்ட் கைவிட்ட இயந்திரத்தில் லினக்ஸின் மெலிந்த பதிப்பொன்று நன்றாகவே ஓடும். நம் உயர்தர வகுப்பில் கற்பிக்கும் பைத்தன் மொழியும் விலையற்றது. நிரலாளர் நாள்தோறும் கையாளும் கிற் என்னும் கருவியும் அவ்வாறே. "இலவசமானால் தரமிராது" என்பாருக்கு ஒரு செய்தி: உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன. தொலைவிற்கு ஏன் போக வேண்டும்? 2004 ஆழிப்பேரலையின் பின் இலங்கை நிரலாளர்கள் நிவாரணப் பணிக்கென எழுதிய 'சஹானா' கட்டற்ற மென்பொருளே. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டுக்கான சமூகநலப் பரிசு அதற்குக் கிடைத்தது.

"களவுப் பிரதிதான் கிடைக்கிறதே, பிறகென்ன?" என்று சில ஆசிரிய நண்பர்கள் கேட்கிறார்கள். 1930களில் தேயிலை வியாபாரத்தைப் பெருக்க விரும்பியோர் இந்திய ஊர்களில் தெருமுனையில் நின்று இலவசமாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். பழகிய நா பின்னர் காசு கொடுத்துக் குடித்தது. களவுப் பிரதியில் பழகும் மாணவனுக்கும் இதுவே நேர்கிறது.

தமிழ் எழுத்தையும் மறந்துவிட வேண்டாம். யுனிகோட் 1991 இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடமிருந்தது. 2008 இல் இந்நாட்டிலும் தமிழுக்கெனக் குறியீட்டு நியமமும் விசைப்பலகை நியமமும் வகுக்கப்பட்டன. இருந்தும் இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டிக்கொண்டிருப்போர் எத்தனை பேர்! கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கோ ஆங்கில எழுத்துகளின் குவியல். அதில் ஒரு பெயரைத் தேடவும் இயலாது, அகரவரிசைப்படுத்தவும் இயலாது. அதனைக் கற்பித்துவிட்டு, தமிழுக்குச் செய்நிரல் எழுதுங்கள் என்று மாணவரை எவ்வாறு கேட்பது?

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் பாடசாலையின் கணினி அறையில் 'பழுது' என்று ஒதுக்கிய இயந்திரங்கள் இருக்குமாயின், வரும் தவணைக்கு முன் அவற்றைத் திறந்து பாருங்கள். லினக்ஸை நிறுவ ஒரு பிற்பகல் போதும். மாலையில் அந்த அறையை லயத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட அதிபரிடம் கேளுங்கள். ஆனால் விலையற்ற மென்பொருள் மின்சாரமும் தராது, இணைய இணைப்பும் தராது. கூலிப் பேச்சுக்குப் போகும் தொழிற்சங்கத் தலைவர்கள், லயத்து அறைக்குத் தக்க மின்னிணைப்பையும் தோட்டத்து வாசிகசாலைக்கு இணையத்தையும் கோரிக்கைப் பட்டியலில் எழுதாமல் இன்னும் எத்தனை ஆண்டு இருக்கப் போகிறார்கள்?