மெர்போக் சதுப்புநிலம்: எதை முதலில் அளப்பது?

சுங்கைப்பட்டாணி – கடலோரத்தில் ஒரு மேம்பாட்டுத் திட்டம் வரும்போது, கடல் தரும் பயன்களில் எதை முதலில் மதிப்பிடுவது? மீன்வளம், அலைத்தடுப்பு, கரிமச் சேமிப்பு, சுற்றுலா எனப் பட்டியல் நீளமானது. அத்தனையையும் அளக்கக் காலமும் பணமும் போதாது.

எளிதில் எண்ணக்கூடியதே பெரும்பாலும் முந்திக்கொள்கிறது. பாயார் தீவின் பவளப்பாறைகளுக்கு நுழைவுக் கட்டணமும் படகுக் கட்டணமும் கணக்குச் சொல்லும். மெர்போக் ஆற்று முகத்துவாரத்தின் சுமார் 4,000 ஹெக்டர் சதுப்புநிலக் காட்டுக்கு அப்படி டிக்கெட் எதுவும் இல்லை. ஆனால் இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளர்வது அதன் வேர்களுக்கிடையேதான். அது அழிந்தால் மீனவரின் வலையோடு சந்தையில் மீன் வாங்கும் தோட்டக் குடும்பத்தின் செலவும் பாதிக்கப்படும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் மலேசியாவில் 68 பேர் உயிரிழந்தனர். மெர்போக்கிற்குத் தெற்கே கோத்தா கோலமூடா கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அலையின் வேகத்தைக் குறைக்கும் சதுப்புநில மரங்களைக் கடலோரங்களில் நடும் தேசியத் திட்டம் 2005இல்தான் தொடங்கியது.

ஆகவே மூன்று கேள்விகள் போதும். திட்டத்தால் மாறப்போவது எது? இழந்தால் மீட்க முடியுமா? யாருடைய உயிரும் பிழைப்பும் அதை நம்பியுள்ளன? இப்படிப் பார்த்தால் அலைத்தடுப்பும் மீன்வளமும் முன்னே வரும். சுற்றுலா பின்னே போகும்.

நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. பெரிய திட்டங்களுக்கு 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை தேவை. அவற்றில் சில பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்படும். அப்போது கடலோர மக்கள் முதலில் தேட வேண்டியது, அறிக்கையில் எது விடுபட்டது என்பதைத்தான். அளக்காத பயன், முடிவெடுக்கும் மேசையில் பூஜ்யமாகவே எண்ணப்படும்.