நாய்களின் நட்பு வட்டம்

விலங்கியல் படிக்கும் பேத்தி போன வாரம் ஓர் ஆய்விதழின் அறிவிப்பைக் காட்டினாள். விலங்குகளின் சமூக வலைப்பின்னல் பற்றிக் கட்டுரைகள் வரவேற்கிறார்களாம். “ஏம்மா, குரங்குகளும் ஃபேஸ்புக்கில் சேர்ந்துவிட்டனவா?” என்றேன். “போங்க தாத்தா” என்று சிரித்துவிட்டு விளக்கினாள்.

ஒரு கூட்டத்தின் ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியாக அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். எது எதன் பக்கத்தில் படுக்கிறது, எது எதற்குப் பேன் பார்க்கிறது, எதைக் கண்டால் எது ஒதுங்குகிறது என்று மாதக்கணக்கில் குறிக்க வேண்டும். விலங்குக்கு ஒரு புள்ளி, உறவுக்கு ஒரு கோடு. நம் வாசல் கோலம் மாதிரிதான்.

போர்ட்டோ ரிகோ அருகே கேயோ சாந்தியாகோ என்ற குட்டித் தீவு. 1938-ல் இந்தியாவிலிருந்து சுமார் 400 செம்முகக் குரங்குகளைக் கப்பலேற்றி அங்கே விட்டார்கள். அவற்றின் சந்ததிகளை இன்றும் ஆராய்கிறார்கள். 2017-ல் மரியா புயல் தீவின் மரங்களைச் சாய்த்தது. மிஞ்சிய நிழலுக்குக் குரங்குகள் அடித்துக்கொள்ளவில்லை. முன்பைவிட அதிகமான துணைகளோடு பழகின. மற்றவற்றைப் பக்கத்தில் சகித்துக்கொண்டவையே அதிகம் பிழைத்தன.

படித்ததும் எங்கள் கம்பெனி கேட் ஞாபகம் வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முப்பது வருடம் ஷிப்ட் பார்த்தவன் நான். கேட்டில் ஏழெட்டு நாய்கள். எங்கள் நடையே அவற்றுக்கு அத்துப்படி. கிழட்டுப் பெட்டை ஒன்று எழுந்து நின்றால்தான் மற்றவை குரைக்கும். ஒருநாள் புகார் வந்ததென்று வண்டி வைத்து அதையும் இன்னும் மூன்றையும் பிடித்துப்போய் எங்கோ விட்டார்கள். ஒரே மாதத்தில் ஹைவே பக்கமிருந்து புது நாய்கள் நுழைந்தன. ராத்திரி முழுக்கச் சண்டை. சைக்கிளில் வந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்குக் கடி. அதுவரை அந்த கேட்டில் யாரும் கடிபட்டதில்லை. நாலு நாயைத்தான் பிடித்தோம் என்று நினைத்தோம். கோலத்தின் நடுப்புள்ளியை அழித்திருந்தோம்.

நாய்க்கடியை நான் லேசாகச் சொல்லவில்லை. வெறிநோய் வந்தால் பிழைப்பது அரிது. அதனால்தான் கருத்தடையும் தடுப்பூசியும் வேண்டும் என்கிறேன். அவற்றைப் போட்ட தெருநாயைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்று 2023-ம் வருட விதிகள் சொல்கின்றன. அதில் கருணை மட்டுமல்ல, கணக்கும் இருக்கிறது.

ஆகவே கட்டுரை கேட்பவர்களுக்கு என் வேண்டுகோள்: தீவும் காடும் இருக்கட்டும், சிப்காட் கேட்டுக்கும் ஓர் இடம் கொடுங்கள். எந்த நாய் எதோடு சேரும் என்பது எங்கள் வாட்ச்மேனுக்கு மனப்பாடம். அவரிடம் நோட்டுப் புத்தகம்தான் இல்லை.

பேத்தியிடமும் சொல்லிவிட்டேன்: “ஆராய்ச்சிக்குக் கப்பலேற வேண்டாம்மா. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடி, போதும்.” ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நோட்டு வாங்கி வைத்துவிட்டேன்.