சாய்பலகை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

அம்மாவை சக்கர நாற்காலியோடு ஏற்ற வேனை மாற்றியமைக்கப் போனோம். உட்கார்ந்த நிலையில் தரையிலிருந்து அவர் உச்சந்தலை வரை அளந்தால், கதவு நான்கு விரற்கடை குட்டை! நல்லவேளை, முன்பணம் கொடுக்கவில்லை.

கட்டடங்களுக்குச் சொல்லும் 1:12 சரிவுப்படி, அரை மீட்டர் உயர வேன் தளத்துக்கு 6 மீட்டர் சாய்பலகை வேண்டும். எங்கள் தெருவில் அதற்கு இடமேது? லிஃப்ட்தான் வழி. சில மின்சார நாற்காலிகளே 100 கிலோவைத் தாண்டும். ஆளின் எடையையும் கூட்டி, லிஃப்ட் அதைத் தாங்குமா என்று கேளுங்கள்.

சக்கரத்தில் கயிறு கட்டினால் போதும் என்றார் பட்டறைக்காரர். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். நாற்காலியின் சட்டகத்தை நான்கு பட்டைகளால் தளத்தோடு இறுக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பையும் தோளையும் பிடிக்கும் பெல்ட் தனியாக வேண்டும்.

– ஒரு வாசகி, திருச்சி