சட்டம் படிக்கும் பிள்ளைக்குப் பாடம் நடத்துவது யார்?

ஸ்கூடாய் பிள்ளைகள் பொறியியல் படிக்க வீட்டிலிருந்தே யுடிஎம் போய்வரலாம். சட்டப் பட்டப்படிப்பு அங்கு இல்லை. அதற்குப் பெரும்பாலும் மலாக்கா, கோலாலம்பூர் என்று வெளியூர்தான். எஸ்டிபிஎம் முடிந்த கையோடு பெற்றோர் விசாரிப்பது கட்டணத்தையும் பிடிபிடிஎன் கடனையும். பாடம் நடத்துவது யார், கேள்வித்தாள் எடுப்பது யார் என்று கேட்பவர் குறைவு.

1972இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத்துறையில் பாடம் நடத்துவதும் தேர்வு வைப்பதும் ஒரே துறை. பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது விரிவுரையாளருக்குத் தெரியும். பட்டம் பெற்றவர் சிஎல்பி எழுதாமலே ஒன்பது மாத சேம்பரிங் பயிற்சிக்குப் போகலாம்.

தனியார் கல்லூரியில் லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் படிப்பவர் நிலை வேறு. கேள்வித்தாள் எடுப்பதும் திருத்துவதும் லண்டன். இங்குள்ள விரிவுரையாளர் பழைய கேள்விகளை வைத்துப் பயிற்சி கொடுக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்றாண்டு இங்கிலாந்துச் சட்டம் படித்த பிள்ளை, மலேசிய சிவில், குற்றவியல் நடைமுறைகளை சிஎல்பியில்தான் முழுமையாகச் சந்திக்கிறது. தோட்டத்து வீட்டில் கடன் வாங்கிப் படித்திருந்தால், அங்கே ஒரு தோல்வி என்பது இன்னுமோர் ஆண்டுச் செலவு.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத பலர் இந்த வழியில்தான் வழக்கறிஞரானார்கள். ஆகவே வேண்டாம் என்பதல்ல பேச்சு. சேருமுன் கேளுங்கள்: முழுநேர விரிவுரையாளர் எத்தனை பேர்? மாதிரி நீதிமன்ற வாதம் உண்டா? மாணவர் எழுதியதைத் திருத்தி, குறிப்பெழுதித் திருப்பித் தருவார்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் இழுத்தடித்தால், பணம் கட்டுமுன் இன்னொரு கல்லூரியையும் போய்ப் பாருங்கள்.