தெருவைப் பார்த்த தளம்

சென்னையில் 1980-களில் எழுந்த மூன்று மாடி, நான்கு மாடி அடுக்கு வீடுகள் இடிபட்டு, அவற்றின் ஸ்தானத்தில் ஐந்தாறு தளங்கள் கொண்ட புதிய கட்டடங்களை நிர்மாணிப்பதற்கான யோசனைகள், மேற்கு மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் அண்ணாநகரிலும் தெருவுக்குத் தெரு நடந்துவருவது நம் தொழிலில் உள்ளோர் யாவரும் அறிந்த விஷயம். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், உயரமான கட்டடம் என்ற வகுப்பில் சேராதவற்றுக்கு 18.30 மீட்டர் வரை உயர இடமளித்து, எஃப்.எஸ்.ஐ. என்று நாம் நாள்தோறும் வழங்கும் தளப்பரப்புக் குறியீட்டை 1.5-லிருந்து 2 ஆக்கின. 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமோ, உரிமையாளர்களில் மூன்றில் இரு பங்கினர் சம்மதித்தால் பழையதை இடித்துப் புதியதைக் கட்டலாம் என்ற வழியைத் திறந்துவிட்டது. இனி வரும் ஆண்டுகளில் நம் மேஜைகளுக்கு வரப்போகும் வரைபடங்களில் பெரும்பகுதி இத்தகையனவாகவே இருக்கும் என்பதால், அவற்றின் தரைத்தளத்தைப் பற்றிச் சற்று விரிவாக யோசிப்பது அவசியமாகிறது.

மேல்தளங்களைப் பற்றி நமக்குள் அபிப்பிராய பேதம் அதிகமில்லை. காற்று, வெளிச்சம், அறைகளின் அளவு ஆகியவற்றை வாங்குவோரே கேட்டுப் பெற்றுக்கொள்கிறார்கள். தரைத்தளத்துக்காகப் பேசுவோர் எவருமில்லை. ஆகவே அது ஏறக்குறைய எல்லாக் கட்டடங்களிலும் தூண்கள் மட்டுமே நிற்கும் ஸ்டில்ட் பார்க்கிங் ஆகிவிட்டது. இப்படிப் புதுப்பிக்கப்பட்ட தெரு ஒன்றில் மாலை மங்கிய பின் நடப்பவர் காண்பது, கம்பிக் கதவுக்குப் பின்னால் இருண்டு கிடக்கும் கார்களின் வரிசையும், காவலாளி அமரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், மனைக்கு மனை வேறு வேறு உயரத்தில் நடைபாதையின் மேலேயே ஊற்றப்பட்ட சிமெண்டுச் சரிவுகளுமே. அந்தச் சரிவுகளுக்கு அஞ்சி முதியவர்கள் நடைபாதையை விட்டு வண்டிகளுக்கு நடுவே இறங்கி நடக்கிறார்கள். பழைய கட்டடத்தின் முன்புறத்து மூலையில் ஒண்டியிருந்த மளிகைக் கடையும் தையல் கடையும் இஸ்திரி வண்டியும் புதிய வரைபடத்தில் இடம் பெறாமற் போய், ஒரு பால் பாக்கெட்டுக்கும் கைப்பேசியில் உத்தரவு போட வேண்டிய நிலை வந்திருக்கிறது.

இதற்குக் காரணம் கட்டுநரின் கல்நெஞ்சமோ, கட்டடக் கலைஞரின் கற்பனைக் குறைவோ அன்று. பக்கங்கள் திறந்த ஸ்டில்ட் தளம் எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சேர்வதில்லை, அதே இடத்தில் ஒரு கடையை வைத்தால் அதன் ஒவ்வொரு சதுர அடியும் கணக்கில் ஏறி, மேலே விற்கக்கூடிய வீட்டின் பரப்பைக் குறைக்கிறது. மேற்கு மாம்பலத்தில் நாற்பது அடிச் சாலையில் 80 அடி முகப்பும் 120 அடி ஆழமும் கொண்ட நான்கு கிரவுண்டு மனையை மனத்தில் கொள்வோம். 9,600 சதுர அடி நிலத்துக்கு 19,200 சதுர அடி கட்டலாம். பக்க இடைவெளிகளும் வீட்டுக்காரர்கள் நுழையும் வழியும் போக, தெருவை நோக்கி 48 அடி மிஞ்சுவதாகக் கொண்டால், பன்னிரண்டு அடி அகலமும் பதினைந்து அடி ஆழமும் உள்ள நான்கு கடைகளை அங்கே அமைக்கலாம். அவற்றின் மொத்தப் பரப்பு 720 சதுர அடி, அதாவது அனுமதிக்கப்பட்ட பரப்பில் நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லை. ஆனால் அந்த 720 சதுர அடி இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு சிறு வீட்டின் விலையாகவும், அதோடு ஐந்து கார்களின் இடமாகவும் கட்டுநரின் கண்ணுக்குத் தெரிகிறது. விதியே இவ்வாறு தெருவுக்கு விரோதமாகக் கணக்கெழுதும்போது, தனி மனிதரின் நல்லெண்ணத்தால் மட்டும் அதைத் திருத்திவிட முடியாது.

கடைக்கு மேல் வீடு என்பது நமக்குப் புதிதன்று. ஜார்ஜ் டவுனின் தெருக்களில் கீழே வியாபாரமும் மேலே குடும்பமுமாகத் தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. அத்தகைய பிரதேசங்களுக்கெனத் தொடர் கட்டடப் பகுதி என்ற தனி ஏற்பாடு இன்றும் நம் விதிகளில் இருக்கிறது. சிங்கப்பூரில் 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகர ஏற்பாடு, தெருவோர வீடுகளின் முகப்பில் தொடர்ச்சியான கூரையுள்ள நடைவழி விட வேண்டுமென்று கட்டளையிட்டதன் பயனை, சிராங்கூன் சாலையில் மழையில் நனையாமல் கடை கடையாக நடந்த தமிழர்கள் நன்கு அறிவார்கள்.

ஸ்டில்ட் தளத்தின் பாதுகாப்பைப் பற்றியும் பேசாதிருக்க இயலவில்லை. 2001 ஜனவரி 26-இல் கட்ச் பிரதேசத்தில் பூமி அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடி வீடுகளில் மிகப் பல, தரைத்தளத்தைச் சுவரின்றித் தூண்களில் நிறுத்தியவை. மேலே செங்கற் சுவர்களால் விறைத்த தளங்களும் கீழே வெறும் தூண்களுமாக இருக்கும் கட்டடம், அதிர்ச்சி முழுவதையும் அந்தத் தூண்களின் தலையிலும் பாதத்திலும் வாங்கிக்கொள்கிறது. அடுத்த ஆண்டு திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 என்ற நிலநடுக்க நெறிமுறை, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. முன்வரிசையில் நாலு கடைச் சுவர்கள் எழுப்பியதனால் மட்டும் இந்தக் குறை தீர்ந்துவிடாது. ஒரு பக்கம் மட்டும் சுவர் நிறைந்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு. கடைகளை ஆரம்பத்திலேயே அமைப்புப் பொறியாளரோடு கலந்து திட்டமிட்டு, அவற்றின் பின்சுவருக்கு எதிர்நிலையாகப் பின்புறத்தில் கான்கிரீட் சுவர்களை வைத்தால் இரண்டு காரியமும் ஒருங்கே கைகூடும்.

2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள், தரையில் கார் நின்றதனால்தான் வீடுகள் தப்பின என்று சொல்வது நியாயமே. வேளச்சேரி போன்ற தாழ்வான இடங்களில் அந்த நியாயத்துக்கு நாம் தலைவணங்க வேண்டும். அங்கும்கூட முன்புறத்துப் பதினைந்து அடியில், பீடத்தை உயர்த்திக் கட்டிய சிறு கடைகளுக்குத் தடையில்லை.

குடியிருப்போரின் அச்சங்கள் வேறு வகையானவை. பாண்டி பஜாரும் உஸ்மான் சாலையும் அருகிலிருக்கும்போது, இன்று மளிகைக் கடை என்று தொடங்குவது நாளை ஜவுளி மாளிகையாகிவிடுமோ என்று மாம்பலத்தார் கலங்குவதில் வியப்பில்லை. இத்தகைய அச்சங்களில் பாதியையேனும் வரைபடத்திலேயே தீர்க்கலாம். டீக்கடையோ மெஸ்ஸோ வருமானால் அதன் புகை மொட்டைமாடிக்குப் போக ஒரு குழாய்த்தண்டை முதல் நாளே விட்டுவைக்க வேண்டும். பின்னால் சேர்க்கும் குழாய் எவருடைய படுக்கையறைச் சன்னலையோ தொட்டுத்தான் போகும். கடைப் பணியாளருக்குக் கழிப்பறை, சரக்கு இறக்க வாகன வழியோரத்தில் ஒரு மூலை, தனி மின்மீட்டர்ப் பலகை, பெயர்ப்பலகைக்கென முகப்பில் ஒரே மட்டத்தில் ஒரு பட்டை, ஏ.சி. இயந்திரங்களுக்கு மறைவான இடம் ஆகியவை இல்லாத கடையை நாம் வரையவே கூடாது. லிஃப்டைப் பயன்படுத்தாத கடைக்காரர் அதன் பராமரிப்புக்குக் கட்டணம் கொடுப்பாரா என்பது எத்தனையோ சங்கக் கூட்டங்களைக் கலைத்த கேள்வி. அதை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, முன் காலியிடத்தில் சுற்றுச்சுவர் எழுப்பாமல், கடைவாசல் வரை நடைபாதையின் மட்டத்திலேயே தளம் பாவ வேண்டும். சுற்றுச்சுவர் எழுந்துவிட்டால் நான்கு கடைகளும் ஆறு மாதத்தில் ஷட்டர் இறக்கிய கிடங்குகளாகிவிடும்.

மூன்றாம் மாஸ்டர் பிளான் தயாராகிவரும் இவ்வேளையில், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் முன் நாம் வைக்க வேண்டிய கோரிக்கை இதுவென்று கருதுகிறோம்: நாற்பது அடியும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலைகளில், தெருவை நோக்கிப் பதினைந்து அடி ஆழம் வரையுள்ள கடைகளை, ஸ்டில்ட் தளத்தைப் போலவே எஃப்.எஸ்.ஐ. கணக்கிலிருந்து விலக்க வேண்டும். அவை பிடித்துக்கொள்ளும் அளவுக்குக் கார் நிறுத்த எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஈடாக, முன்புறச் சுற்றுச்சுவர் இல்லாமையையும், ஒரு கடையின் பரப்பு 200 சதுர அடிக்கு மிகாமையையும், பக்கத்துக் கடையோடு அதை இணைக்காமையையும் நிபந்தனைகளாக விதித்து, பணி நிறைவுச் சான்று வழங்கும்போது அவற்றைச் சோதிக்க வேண்டும். விதியின் வாசகத்தையும், மூன்று வேறு அளவு மனைகளுக்கான மாதிரி வரைபடங்களையும் நாமே தயாரித்துக் கொடுப்பது நலம். அப்பணியில் பங்குகொள்ள விரும்பும் கட்டடக் கலைஞர்களும் அமைப்புப் பொறியாளர்களும் தாங்கள் கையாண்ட தரைத்தள வரைபடங்களை, அனுமதி கிடைத்தவற்றோடு மறுக்கப்பட்டவற்றையும் சேர்த்து, இவ்விதழுக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.