பூட்டிய மெட்டும் பாப்பாப் பாட்டும்

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் மாலை நடை முடிந்தபின் நாலைந்து பேர் உட்கார்ந்து இலக்கியம் பேசுவது நம் வழக்கம். சென்ற மாதம் நம் பழைய மாணவர் ஒருவர், தமிழில் இளங்கலை முடித்தவர், ‘டோராவின் பயணங்கள்’ தொடரில் வரும் பாட்டுகளை அடி பிசகாமல் பாடிக்காட்டி, “ஐயா, எங்கள் தலைமுறைக்குப் பாப்பாப் பாட்டு இதுதான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழில் எழுதியவர் யார் என்று கேட்டோம். பாடியவருக்கும் தெரியவில்லை, கூடியிருந்த எவருக்கும் தெரியவில்லை.

2007இல் சுட்டி டிவி வந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று தனி அலைவரிசை, நல்ல காரியந்தான். அயல்நாட்டுத் தொடர்களை மொழிமாற்றிக் காட்டியதும் குற்றமன்று. அவற்றின் பாட்டுகளுக்கு நேர்ந்த கதியே நம் வழக்கு. மொழிமாற்றத்தில் மூலத்தின் குரலை நீக்கிவிட்டு, இசையும் பிற ஓசைகளும் கொண்ட ஒலித்தடத்தை வைத்துக்கொள்வார்கள். மெட்டு பூட்டிய பெட்டி. ஆங்கிலத்தின் அழுத்தத்துக்கு அமைந்த தாளத்தில் தமிழைத் திணிக்கும்போது குறில் இழுபடுகிறது, நெடில் நசுங்குகிறது. ‘கல்’ நீண்டால் ‘கால்’, ‘படம்’ நீண்டால் ‘பாடம்’. பேசப் பழகும் பிள்ளை மாத்திரையைப் பாட்டிலிருந்தும் அல்லவா பிடித்துக்கொள்கிறது!

இசையில் மாத்திரை கடந்து ஒலிக்கலாம் என்று தொல்காப்பியரே எழுத்ததிகாரத்தில் இடங்கொடுத்திருக்கிறாரே என்று யாரேனும் நூற்பாவோடு வரக்கூடும். வரட்டும். அது பாடுபவர் சுவைக்காக நீட்டும் நீட்டம். இது காலி இடத்தை அடைக்க நீட்டியது. திரைப்பாட்டும் மெட்டுக்கு எழுதப்படுவதுதானே என்பார் இன்னொருவர். அங்கே கவிஞர் முரண்டு பிடித்தால் இசையமைப்பாளர் ஒரு சந்தத்தை மாற்றிக் கொடுப்பார். பெட்டிக்குள் இருக்கும் மெட்டோடு யார் வாதாடுவது?

இன்னொன்றும் உண்டு. 2000இல் அமெரிக்காவில் தொடங்கிய அத்தொடர், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு ஸ்பானியச் சொற்களைக் கற்றுத்தந்தது. பெரும்பான்மையோர் வீட்டுக்குள் சிறுபான்மையோர் மொழியை அழைத்து வந்தது. அதன் பாட்டுகள் இசைத்தட்டுகளாகவும் விற்றன. தமிழுக்கு வந்தபோது ஸ்பானியத்தின் இடத்தில் ஆங்கிலம் அமர்ந்துகொண்டது. மூலத்தின் கருத்தே தலைகீழ்.

வேறு வழியில்லை என்பவர்களுக்கு 1993ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். தூர்தர்ஷனில் ஞாயிறு காலைகளில் ‘ஜங்கிள் புக்’ வந்தது. படம் ஜப்பானியருடையது, கதை கிப்ளிங்குடையது. பாட்டு மட்டும் இரவல் இல்லை. குல்சார் எழுத, விஷால் பரத்வாஜ் புதிதாக மெட்டமைத்தார். இந்தி ஓர் எழுத்தும் அறியாத நாம் அன்று இதே சிட்லபாக்கத் தெருக்களில் அதைப் பாடித் திரிந்தோம் (இந்தி எதிர்ப்புக் கதைகள் சொல்லி வளர்த்த நம் தந்தையாருக்கு அதில் வருத்தமே). 2016இல் டிஸ்னியின் திரைப்படம் இந்தியாவுக்கு வந்தபோது, அந்தப் பழைய பாட்டையே அவ்விருவரைக் கொண்டு மீண்டும் ஒலிப்பதிவு செய்தார்கள்.

முகப்புப் பாட்டில் உதட்டசைவுக்கு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. படத்தை இரவல் வாங்கிய பின்னும் அங்கே ஒரு கவிஞரை உட்கார வைக்க முடியும். ஒப்பந்தம் இடந்தராது என்பார்கள். கேட்டுப் பார்த்தார்களா?

ஆள் இல்லாத மொழியா இது? எட்வின் ஆர்னால்டின் ஆங்கில நூலைத் தழுவி ‘ஆசிய ஜோதி’ தந்த கவிமணியே பிள்ளைகளுக்கும் பாடினார். அயல் சரக்கைத் தமிழ்ச் சந்தத்தில் இறக்கும் வித்தையை அவரிடம் படிக்கலாம். வங்கி வேலை பார்த்துக்கொண்டே அழ. வள்ளியப்பா ஆயுள் முழுவதும் குழந்தைகளுக்காக எழுதினார். 1989இல் அவர் மறைந்தார். அவர் பாட்டுகள் மறையவில்லை. பாடநூலில் நாலு வரி போட்டுவிட்டால் கடமை தீர்ந்தது என்று நாம்தான் இருந்துவிட்டோம். தமிழாசிரியர்களாகிய நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

மாணவரிடம் வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ நூலைக் கொடுத்தனுப்பியிருக்கிறோம். கிதார் வாசிக்கும் நண்பர் ஒருவர் செம்பாக்கத்தில் இருக்கிறாராம். நம்மை மறுக்க விரும்புவோர், குறிலும் நெடிலும் சிதையாத மொழிமாற்றுப் பாட்டு ஒன்றைப் பாடிக்காட்டிவிட்டு மறுக்கட்டும்.