பேட்டரியின் காய்ச்சலை மறைக்கலாமா?

2022 மார்ச் இறுதியில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அந்த ஆண்டு வேறு ஊர்களிலும் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தன. மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது. பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ்.-156 பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன.

விதிகள் வந்தது நல்லது. ஆனால் அவை புதிய வண்டிகளுக்கு ஒப்புதல் தருவதற்கானவை. வாரண்டி முடிந்த பேட்டரியைக் கடை மேசையில் பிரித்து, செல் மாற்றித் திருப்பித் தரும்போது, உள்ளே இருந்த வெப்ப உணரி என்ன ஆனது என்று கேட்பவர்கள் அரிது. மிளகு அளவே இருக்கும் அந்த உணரியின் பெயர் தெர்மிஸ்டர். விலை சில ரூபாய்தான்.

வெப்பம் ஏற ஏற மின்தடை இறங்கும் பொருள்கள் உண்டு என்பதை மைக்கேல் ஃபாரடே 1833-ல் வெள்ளி சல்பைடில் கண்டார். இன்றைய என்.டி.சி. தெர்மிஸ்டருக்கும் அதே குணம்தான். பரவலாகப் புழங்கும் ஒரு வகை, 25 டிகிரி செல்சியஸில் 10,000 ஓம் காட்டும். 45 டிகிரியில் ஏறக்குறைய 4,300 ஓம். 60 டிகிரியில் 2,500 ஓம். இந்த இறக்கத்தைக் கவனித்து, எல்லை தாண்டியதும் சார்ஜை நிறுத்துவது பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட்டின் வேலை.

பெரும்பாலான லித்தியம் செல்களுக்குச் சார்ஜ் ஏற்றும்போது 45 டிகிரிதான் உச்ச வரம்பு. அக்னி நட்சத்திர நாள்களில் வேலூரிலும் சென்னையிலும் காற்றே 40 டிகிரியைத் தாண்டுகிறது. வெயிலில் நின்ற வண்டியைத் தள்ளி வந்த கையோடு பிளக்கைச் சொருகினால், பேட்டரிக்கு மிச்சமிருப்பது நான்கைந்து டிகிரி இடைவெளி. சில நேரம் அதுவும் இல்லை. குளிர்நாட்டில் எப்போதாவது தேவைப்படும் காவல், இங்கே கோடை முழுக்க விழித்திருக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் காவலைத்தான் சில கடைகளில் ஏமாற்றுகிறார்கள்.

உணரி பழுதானால் பெரும்பாலும் சார்ஜ் ஏறாது. சரியான தெர்மிஸ்டரைத் தேடி அலைவதற்குப் பதில், அந்த இடத்தில் சாதாரண 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தால் போதும், சார்ஜ் ஏறத் தொடங்கிவிடும். வேலை சீக்கிரம் முடியும், வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அன்று முதல், செல் எவ்வளவு சூடானாலும் சர்க்யூட்டின் கண்ணுக்குத் தெரிவது 25 டிகிரி மட்டுமே. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு, எப்போதும் 98.4 காட்டும் போலித் தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்பதற்குச் சமம் இது.

வடிவமைப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. என்.டி.சி.யின் வயர் அறுந்தால் மின்தடை எல்லையின்றி உயரும். கவனமில்லாத சர்க்யூட் அதைக் கடுங்குளிர் என்று நினைத்து, சூட்டைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும். அறுந்த உணரியையும் ஷார்ட் ஆன உணரியையும் பழுதாகவே கருதிச் சார்ஜை நிறுத்துவதுதான் முறை. மோட்டார் சுருளுக்குள் வைக்கும் பி.டி.சி. வகையில் வயர் அறுவதால் வரும் இந்தச் சிக்கல் இல்லை. அதில் சூடு ஏறினால் மின்தடை எகிறும். வயர் அறுந்தாலும் ரிலே மோட்டாரை நிறுத்திவிடும். பொருத்தும் இடமும் முக்கியம். செல்லோடு ஒட்டாமல் பிளாஸ்டிக் உறையில் தொங்கும் உணரிக்குச் சூடு தாமதமாகத்தான் தெரியும்.

தெர்மிஸ்டர் எல்லாத் தீயையும் தடுத்துவிடாது. 2016-ல் சாம்சங் நிறுவனம் கேலக்ஸி நோட் 7 போன்களைத் திரும்பப் பெற்றது, செல்லுக்குள்ளேயே இருந்த குறைகளால். ஆனால் தடுக்கக்கூடிய விபத்தையும் தடுக்காமல் விடுவதற்கு அது சாக்கு ஆகாது.

மின்சார ஸ்கூட்டர் உற்பத்தியில் ஒசூரும் கிருஷ்ணகிரியும் நாட்டின் முன்வரிசையில் இருக்கின்றன. இந்த ஸ்கூட்டர்களைப் பழுதுபார்க்கப் போகும் ஐ.டி.ஐ. மாணவர்களுக்குத் தெர்மிஸ்டர் சோதனையை அரசு கட்டாயப் பாடமாக்க வேண்டும். சோதனை கடினமும் அல்ல: மல்டிமீட்டரில் இணைத்து விரல்களால் பிடித்தால் ஓம் இறங்க வேண்டும், அசையாமல் நின்றால் அது தெர்மிஸ்டர் அல்ல, அல்லது கெட்டுப்போனது. பேட்டரியைத் திரும்ப வாங்கும்போது இந்தச் சோதனையைக் கண்முன் செய்து காட்டும்படி வாடிக்கையாளர்கள் கேட்க வேண்டும். தெர்மிஸ்டருக்குப் பதில் ரெசிஸ்டர் வைத்த பேட்டரியை வீட்டுக்குள் சார்ஜ் போடக் கூடாது.